லாஞ்சைத் திருப்பி அனுப்பிய நாள்

நம் கப்பல் ஏஜென்சியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

நீங்கள் எல்லோரும் சேர்ந்து எனக்குக் கொடுத்த தேநீர் விருந்தில் ஒரு தங்கை கேட்டாள், "அங்கிள், இத்தனை வருஷத்துல உங்கள ரொம்பப் படுத்துன கப்பல் எது?" என்று. கையில் கேக் தட்டை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய கதை இல்லை அது. சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் மனசு கேட்கவில்லை. நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. வார்த்தை ஜோடிக்கத் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஆண்டவர் துணை இருக்கட்டும்.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து லாஞ்சில், அதாவது சின்ன மோட்டார் படகில் போய் முதலில் ஏறுகிறவன் ஏஜென்ட் ஆள். கேப்டனுக்கு என்ன வேண்டும், சாமான் என்ன, தண்ணீர் எவ்வளவு, யாருக்கு டாக்டர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, வந்த லாஞ்சிலேயே இறங்கிவிடுவான். கப்பலில் தங்குவது நம் வழக்கமே கிடையாது. அடுத்த கப்பல் காத்துக்கொண்டிருக்கும். ஏறு, வேலையை முடி, இறங்கு. நான் சேர்ந்த நாளிலிருந்து எனக்குச் சொன்னது அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசி அது. வியட்நாமிலிருந்து மக்கள் மீன்பிடிப் படகுகளில் குடும்பம் குடும்பமாகக் கடலுக்குத் தப்பி வந்துகொண்டிருந்தார்கள். வழியில் போகிற கப்பல் சிலது நின்று ஏற்றிக்கொள்ளும். சிலது நிற்காது. ஏற்றிக்கொண்ட கப்பல் சிங்கப்பூருக்கு வந்தாலும் அவர்களை உடனே கரையில் இறக்க முடியாது. கப்பலில் எந்த நாட்டுக் கொடி பறக்கிறதோ அந்த நாடு, "இவர்களைச் சீக்கிரமே நாங்கள் அழைத்துக்கொள்கிறோம்" என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். தந்தால் செம்பவாங் அகதி முகாமுக்குப் போய்க் காத்திருப்பார்கள். தராவிட்டால் கப்பலிலேயே கிடக்க வேண்டியதுதான். நம்முடையது சின்ன ஊர். அந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன்.

எங்களிடம் வந்த கப்பலில் இன்னொரு சிக்கல். கொடி ஒரு ஐரோப்பிய நாட்டுடையது, முதலாளி இன்னொரு ஐரோப்பிய நாட்டுக்காரர். கொடி நாடு சின்னது, ஆனால் அதன் கொடி எத்தனையோ கப்பல்களில் பறந்தது. "லாபம் அவர்களுக்கு, ஆட்கள் மட்டும் எங்களுக்கா?" என்றது கொடி நாட்டுத் தூதரகம். "கொடி யாருடையதோ பொறுப்பும் அவர்களுடையதுதான்" என்றது முதலாளி நாட்டுத் தூதரகம். இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் ஒரே பயம். இன்று நாம் ஒப்புக்கொண்டால் நாளை வருகிற எல்லாக் கப்பலும் நம் தலையில் விழுமே என்று. அக்கம்பக்கத்து நாடுகள்தான். ஆனால் இந்த விஷயத்தில் யார் எவ்வளவு தாங்குவது என்று கூடிப் பேசி வைத்துக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்குள் அப்போது இல்லை. டெலக்ஸ் செய்தி மட்டும் அங்கும் இங்கும் போய்க்கொண்டிருந்தது. கப்பலின் மேல்தளத்தில், ஒரு தார்ப்பாயின் நிழலில், அந்த ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் கேப்டன் ரேடியோவில் கூப்பிட்டுச் சாமான் கேட்டார். மாலுமிகளுக்காக வைத்திருந்த அரிசியும் பால்மாவும் தீர்ந்துவிட்டன. நானே தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் நின்று வாங்கினேன். அரிசி மூட்டைகள், முட்டைக்கோஸ், முட்டை, கருவாடு, பால்மாவு டின்கள். என் மனைவி ஞானம் தன் பங்குக்குப் பிள்ளைகளின் பழைய சட்டைகளை ஒரு பையில் கட்டிக் கொடுத்தாள். கிளிஃபர்ட் பியர் படகுத்துறையில் லாஞ்சு வழிய ஏற்றினோம். லாஞ்சு ஓட்டுகிறவர் காசிம் நானா, நாகூர்க்காரர். வாய் சும்மா இருக்காது அவருக்கு.

"என்னா சவரி, மவளுக்குக் கல்யாணமா? பந்திக்கு ஏத்துற மாதிரி ஏத்தியிருக்கே."

"புதுநன்மை நானா. ஞாயித்துக்கிழமை. ஸ்டெல்லா முதல் தடவையா நற்கருணை வாங்கப் போறா."

"அதுக்கு இத்தன கோஸாலா? உங்க சாமியாரு பூசையில கோஸா குடுப்பாரு?"

நானும் சிரித்தேன். மனசு லேசாக இருந்தது. பசித்தவர்களுக்குச் சாப்பாடு கொண்டு போகிறோம், பார்த்ததும் முகம் மலருவார்கள் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

கப்பலின் கிரேன் வலையைக் கீழே இறக்கியது. முதல் மூட்டைகள் தளத்துக்குப் போனபோது மேலே பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. இரண்டாவது வலை போனதும் ஒரு கிழவி அழத் தொடங்கினாள். பசிக்கு அழுகிற அழுகை இல்லை அது. சாவு வீட்டில் கேட்கிற அழுகை. கப்பல் பக்கத்தில் தொங்கிய படியில் நான் ஓடி ஏறினேன். ஆண்கள் எழுந்து நின்று மூட்டைகளைத் திரும்பத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மாலுமிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. தளத்தின் ஓரத் தடுப்புக் கம்பியருகே ஒரு பெண், குழந்தையைத் துணியால் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்துவிட்டுக் கீழ்க்கம்பியில் ஒரு காலைத் தூக்கி வைத்தாள்.

அந்தக் கூட்டத்தில் பள்ளி வாத்தியார் ஒருவர் இருந்தார். கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவார். அவர் கையைப் பிடித்து, "என்னங்க ஆச்சு? சாப்பாடுதானே கொண்டாந்தோம்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தெரியும்" என்றார். "எங்க படகுகிட்ட இதுக்கு முன்னாடியும் கப்பலுங்க நின்னுச்சு. அரிசி குடுத்தாங்க. தண்ணி குடுத்தாங்க. ஒரு கப்பல் டீசலும் குடுத்துச்சு. குடுத்துட்டுப் போயிட்டாங்க. கொஞ்சமா குடுத்தா இன்னிக்குச் சாப்பிட. இவ்வளவு குடுத்தா, திரும்பக் கடலுக்குப் போன்னு அர்த்தம். எங்களுக்குப் படகுகூட இப்ப இல்ல. எதுல எங்கள இறக்கப் போறீங்க?"

என் கையால் பார்த்துப் பார்த்து வாங்கிய முட்டைக்கோஸ் அவர்களுக்கு வழியனுப்புகிற சோறாகத் தெரிந்திருக்கிறது.

"இல்ல, இல்ல, அப்படி இல்ல" என்று சொல்லலாம். வாத்தியாரும் அதை அவர்கள் பாஷையில் சொல்வார். ஆனால் அந்தப் பெண் வாத்தியாரின் வாயைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, படியின் அடியில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்த லாஞ்சைப் பார்த்தாள். சாமானைக் கொடுத்துவிட்டு நான் இறங்குவேன், லாஞ்சு போகும், அப்புறம் கப்பல் நங்கூரத்தைத் தூக்கும். அவள் பார்த்திருப்பது அப்படித்தான். என் வாயிலிருந்து என்ன வந்தாலும் என் கால் படியில் இறங்கினால் அது பொய்.

இந்த இடத்தை நன்றாகக் கேளுங்கள். நான் தைரியசாலி இல்லை. புண்ணியவானும் இல்லை. யோசிக்க நேரமும் இல்லை. "மாதாவே, வழி காட்டு" என்று மட்டும் மனசுக்குள் சொன்னேன். படியின் தலைப்பில் நின்று, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி, கீழே குரல் கொடுத்தேன்.

"நானா! நீங்க போங்க!"

"ஏன், நீ நீந்தியா வரப்போறே?"

"நான் தங்குறேன்."

"மண்டை கொழம்பிப் போச்சா? ஏஜென்ட் ஆளு கப்பல்ல தங்கி எங்கலா பாத்திருக்கே?"

"போங்க நானா, சொன்னா கேளுங்க. இங்க ஒரு பொம்பள கம்பியில நிக்கிது. லாஞ்சு போகணும், நான் இங்க இருக்கணும். அவ அதப் பாக்கணும்."

காசிம் நானா தலையை நிமிர்த்திப் பார்த்தார். அதன்பின் கேலி இல்லை. கயிற்றை அவிழ்த்தார். "வீட்டுல என்னா சொல்ல?" என்றார்.

"ஞானத்துக்கிட்ட நடந்தத அப்படியே சொல்லுங்க."

"அடி எனக்குல்லா விழும்" என்று சொல்லிக்கொண்டே லாஞ்சைத் திருப்பினார்.

நான் போய் ஒரு மூட்டையைப் பிரித்தேன். அரிசியை அள்ளிப் பாத்திரத்தில் போட்டு, களைவதற்குத் தண்ணீர் கேட்டு, தரையில் உட்கார்ந்தேன். சட்டையும் டையுமாக நான் அரிசி களைந்த அழகு எப்படி இருந்ததோ, பக்கத்திலிருந்த கிழவி பொறுக்கமாட்டாமல் பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டாள். லாஞ்சு மற்றக் கப்பல்களுக்கு நடுவே சிறுத்து மறைந்தபிறகுதான் கம்பியோரத்தில் நின்றவள் காலைக் கீழே எடுத்தாள். எடுத்தாளே தவிர உட்காரவில்லை. கஞ்சி வெந்தது. அவர்கள் வரிசையின் கடைசியில் உட்கார்ந்து நானும் குடித்தேன். அவள் நின்றபடியே நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் லியென் என்று வாத்தியார் சொன்னார். குழந்தையின் தகப்பன் எங்கே என்று நான் கேட்கவில்லை.

மாலையில் நம் மேனேஜர் ரேடியோவில் பிடித்துக்கொண்டார். "நீ ஏஜென்டா, அகதியா? உன் லிஸ்ட்டுல இருக்குற கப்பலுக்கெல்லாம் யாருப்பா போறது?"

"சாமுவேல அனுப்புங்க சார்."

"எப்ப வர்றே?"

"இவங்களோட வர்றேன் சார்."

பக்கத்தில் நின்ற கேப்டனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ரேடியோவின் அந்தப் பக்கம் வந்த சத்தம் எந்த பாஷைக்காரனுக்கும் புரியும். அவர் என் கையிலிருந்து ரேடியோவை வாங்கி, "இந்த மனிதர் என் கப்பலுக்குத் தேவைப்படுகிறார்" என்று இங்கிலீஷில் சொல்லி வைத்துவிட்டார். அவரைப் பற்றி நான் சொல்லாமல் விடக்கூடாது. கப்பல் ஓடாமல் நிற்கும் ஒவ்வொரு நாளும் அவர் வேலைக்கு ஆபத்து. முதலாளி அனுப்பும் செய்திகளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார், பதில் அனுப்ப மாட்டார்.

சனிக்கிழமை காசிம் நானா வேறொரு கப்பலுக்குப் போகிற வழியில் பக்கத்தில் வந்து ஒரு பையைக் கயிற்றில் கட்டிவிட்டார். மாற்றுச் சட்டை, இடுப்பில் கட்டச் சாரம், என் செபமாலை.

"ஞானம் என்னா சொன்னா நானா?"

"மொதல்ல ஒரு பாட்டம் ஏசுனா. மவ புதுநன்மைக்குக்கூட அப்பன் வரலேன்னா என்னா அப்பன்னு கேட்டா. நான் தலையக் குனிஞ்சிக்கிட்டு நின்னேன்லா, நாந்தான் அப்பன் மாதிரி. அப்புறம் உள்ள போயி கொஞ்ச நேரம் வரவே இல்ல. வந்து பையக் குடுத்து, 'அந்தப் பொம்பள உக்காந்துட்டாளான்னு கேட்டுட்டு வாங்க'ன்னா."

"இன்னும் உக்காரல நானா. ராத்திரி பூரா கம்பியில சாஞ்சே நின்னா."

"அப்ப இரு" என்றார். "போயி சொல்றேன்."

ஞாயிறு காலை கோயிலில் மணி அடிக்கிற நேரத்துக்கு நான் தளத்தில் ஓர் ஓரமாக முழங்காலிட்டேன். இந்நேரம் ஸ்டெல்லா வெள்ளை கவுன் போட்டு, மெழுகுவர்த்தி பிடித்து வரிசையில் நிற்பாள் என்று நினைத்தபோது கண் கலங்கியது. மாதாவுக்கான அருள்நிறை மந்திரத்தைச் சொல்லத் தொடங்கினேன். பின்னால் யாரோ சேர்ந்துகொண்டார்கள். பாஷை வேறு. ஆனால் எங்கே மூச்சு விடுவது, எங்கே குரலைத் தாழ்த்துவது எல்லாம் ஒன்றுதான். கிழவியும் இன்னும் சில பெண்களும், அவர்களும் கத்தோலிக்கர்கள். பூசைக்குப் போகாத ஞாயிறு என்று அதை நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

செபம் முடிந்து கொஞ்ச நேரத்தில் காசிம் நானாவின் லாஞ்சு வந்தது. அதில் இரண்டு வெள்ளைக்காரர்கள். கொடி நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர், முதலாளி நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர். நேரில் பார்த்துப் பேசி முடிவு செய்யும்படி இரண்டு பேருக்கும் தங்கள் தலைநகரிலிருந்து செய்தி வந்திருந்தது. நம் மேனேஜர்தான் இரண்டு பேரையும் ஒரே லாஞ்சில் ஏற்றிவிட்டிருக்கிறார். திட்டினாலும் மனுஷன் வேலையைச் செய்திருக்கிறார்.

தளத்தில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். லியென் மறுபடி கம்பிக்குப் போனாள். நான் அவள் கையைப் பார்த்தேன். குழந்தையைக் கட்டுகிற துணியைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. இவர்கள் ஏறி வருவார்கள். தலைகளை எண்ணுவார்கள். கேப்டன் அறையில் உட்கார்ந்து பேசுவார்கள். ஒத்துவராவிட்டால், "நாளைக்குப் பார்ப்போம்" என்று இறங்கிப் போவார்கள். அதைத் தப்பு என்று சொல்ல முடியாது, அவர்கள் வேலை அப்படி. ஆனால் அவர்கள் இறங்குகிற அந்த நிமிஷத்தை இவள் தாங்க மாட்டாள்.

ஓடிப்போய்ப் படியின் தலைப்பில் நின்றேன். கொடி நாட்டு அதிகாரி முதல் படியில் கால் வைத்துவிட்டார்.

"சார், தயவுசெய்து ஏறாதீங்க" என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். "மேல வந்துட்டு முடிவு சொல்லாம நீங்க திரும்பிப் போனா ஒரு தாயும் பிள்ளையும் கடல்ல விழுந்துடுவாங்க. எத்தன நேரம் ஆனாலும் லாஞ்சுலயே பேசி முடிச்சுடுங்க. முடிச்சுட்டு ரெண்டு பேரும் சேர்ந்து ஏறுங்க."

அவர் முகம் சிவந்தது. "நீ யார்?" என்றார்.

"ஏஜென்ட் ஆள் சார்" என்றேன்.

கேப்டன் என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "அவர் சொல்வது சரி" என்றார். "ஏறாதீர்கள்."

அப்படித்தான் இரண்டு ஐரோப்பிய நாடுகள், காசிம் நானாவின் லாஞ்சில், பழைய டயர்களுக்கும் டீசல் வாடைக்கும் நடுவே உட்கார்ந்து பேசின. அன்றைக்கு அலை கொஞ்சம் அதிகம். மேலிருந்து பார்த்தால் இரண்டு தலைகள் ஆடிக்கொண்டே இருந்தன. முதலில் கைகளை நீட்டி நீட்டிப் பேசினார்கள். பிறகு பேச்சு நின்றது. உள்ளே என்ன நடந்தது என்று நானா பின்னால் சொன்னதுதான் எனக்குத் தெரியும்.

"ரெண்டு பேருக்கும் கொமட்டல் தம்பி. மொதல்ல சின்ன நாட்டுக்காரன் எட்டி வாந்தி எடுத்தான். பெரிய நாட்டுக்காரன் அவன் முதுகத் தடவுனான். பொறவு அவனும் எடுத்தான், இவன் தடவுனான். நான் தைலம் குடுத்தேன், நெத்தியில தேச்சிக்கிட்டானுங்க. அதுக்கு மேல எங்கேர்ந்து சண்ட போடுறது? 'எங்க அம்மாவும் போர்ல ஊரு விட்டு ஊரு ஓடுனவதான்'ன்னான் ஒருத்தன். 'எங்க அம்மாவும்'ன்னான் மத்தவன். அப்புறந்தான் பேப்பர எடுத்தானுங்க."

அவர்கள் எழுதிய முடிவு இதுதான். கொடி நாடு எல்லோருக்கும் சேர்த்து உறுதி தருவது. முதலாளி நாடு, தன் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்களையும் மீதிப்பேரில் பாதியையும் பிறகு அழைத்துக்கொள்வது. எந்தக் குடும்பத்தையும் பிரிப்பதில்லை. முழங்காலில் தாளை வைத்து எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, பிறகுதான் படியேறினார்கள். கொடி நாட்டு அதிகாரி முகம் வெளுத்து, ஏறியதும் தண்ணீர் கேட்டார். கிழவி தன் குவளையில் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, வாத்தியாரைப் பார்த்து, "எல்லோரும் வருகிறீர்கள்" என்றார். வாத்தியார் அதைச் சொல்லத் தொடங்கினார். முடிப்பதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

சிங்கப்பூர்க் குடிநுழைவு அதிகாரிகளும் அன்று மாலைக்குள் ஒப்புதல் கொடுத்தார்கள். ஜனங்களைக் கரைக்குக் கூட்டிப்போக நானாவின் லாஞ்சோடு இன்னும் இரண்டு லாஞ்சுகள் வந்தன.

தம்பிகளே, தங்கைகளே, இதை நீங்களும் செய்யவேண்டும் என்று எழுதவில்லை. கப்பலில் தங்குகிற வேளை உங்களுக்கு வராமலே போகலாம். வராமல் இருக்கட்டும். ஆனால் நீங்கள் கொண்டுபோகிற சாமானை, எதிரே நிற்கிறவர் எந்தக் கண்ணால் பார்க்கிறார் என்று ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். நல்ல மனசோடு கொடுக்கிறோம் என்பது நமக்குத் தெரியும். வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டுமே. இரண்டு பெரிய மனிதர்களை நிறுத்திவைக்க வேண்டி வந்தால், மரியாதையாக நிறுத்துங்கள், ஆனால் நிறுத்துங்கள். பெரிய மனிதர்களுக்கும் அம்மா இருக்கிறாள்.

நம் வழக்கப்படி ஏஜென்ட் ஆள்தான் முதலில் லாஞ்சில் இறங்கி, மற்றவர்களுக்குக் கை கொடுக்க வேண்டும். அன்று நான் இறங்கவில்லை. படியின் தலைப்பிலேயே நின்றேன். ஒவ்வொருவராகப் போனார்கள். கிழவி என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். வாத்தியார் போனார். தளம் காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் லியென் மட்டும் நின்றாள்.

படி செங்குத்தாக இருந்தது, அலையில் ஆடியது. குழந்தையை எப்படித் தூக்கிக்கொண்டு இறங்குவாள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் என் எதிரில் வந்தாள். மார்பிலிருந்த முடிச்சை அவிழ்த்தாள். கொஞ்ச நேரம் குழந்தையின் தலையில் முகத்தை வைத்திருந்தாள். பிறகு குழந்தையை என் கையில் கொடுத்து, அந்தத் துணியால் என் மார்போடு சேர்த்துத் தானே இறுக்கிக் கட்டினாள். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். அதன்பின் வெறுங்கையோடு, எனக்கு முன்னால், படியில் இறங்கத் தொடங்கினாள். கீழே லாஞ்சில் போய் உட்காரும்வரை ஒரு தடவைகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.